ஒரு தட்டு மௌனம்

ரஷ் ஃபோர்க், வர்ஜீனியா
மார்ச் 6, 2016

செல்வி டெஸா மேப் அவர்களுக்கு,

என் பெயர் எமரி வாஸ். உரிமம் பெற்ற நில அளவையாளன். தற்போது பணியில் இல்லை. இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: தாங்களும் தங்கள் 'வேலிக்காக்கைகள்' குழுவினரும் சனிக்கிழமைதோறும் ஹில்ட்ரெத் அரங்கிலிருந்து வானொலியில் வாசிக்கும் 'கதவடியில் உறைபனி' என்னும் மெட்டை, இப்போது வாசிக்கும் விதத்தில் இனி வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது.

காரணங்களை முறைப்படி கூறுகிறேன்.

அந்த மெட்டு என் தந்தை ஹார்லெஸ் வாஸ் அமைத்தது. தாங்களும் அவர் பெயரைச் சொல்லிவிட்டே தொடங்குகிறீர்கள். ஆனால் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்ற சொல்லைச் சேர்க்கிறீர்கள். அவர் மறையவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும் மேசைக்கு அடுத்த அறையில், வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் இன்றிப் படுத்திருக்கிறார். வயது எண்பத்தொன்று.

தாங்கள் மெட்டைக் கற்றது பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் ஒலிநாடாவிலிருந்து என்று அறிகிறேன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சமையலறையில் பதிவான நாடா அது. நான் அங்கே இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதத்தின் முதல் தாக்குதல் நேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் மறுத்தார், பதிவுசெய்ய வந்த மாணவர் வற்புறுத்தினார். இரண்டாம் பாகத்தின் மூன்றாம் வரியில், மெட்டு மேலேறும் இடத்தில், அப்பாவின் இடக்கை விரல்கள் தந்தியை விட்டு நழுவின. வில் நின்றது. தாளத்தில் ஒரு தட்டு நேரம் ஓசையே இல்லை. விரல்களைத் திரட்டிக்கொண்டு தொடர்ந்தார். சுற்று திரும்பி அவ்விடம் வந்தபோது மறுபடியும் நழுவின. அன்று பிடிலைப் பெட்டியில் வைத்து மூடியவர் பின்னர் திறக்கவில்லை. வலப்பக்கம் போனது பின்னாளில் வந்த தாக்குதலில்.

அந்த நழுவலைத் தாங்கள் மெட்டின் அங்கம் என்று கருதிப் பழகியிருக்கிறீர்கள். நால்வரும் ஒரே கணத்தில் கையெடுக்கிறீர்கள். ஒரே கணத்தில் தொடர்கிறீர்கள். இப்போது அரங்கத்தினர் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, அது வந்ததும் எல்லாருமாகத் தரையில் ஓங்கி மிதிக்கிறார்கள். பிறகு சிரிக்கிறார்கள். ஒரு மனிதரின் கை அவரைக் கைவிட்ட கணத்தின்மீது முந்நூறு பேர் மிதிக்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. இனி அறிவீர்கள்.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அந்த மெட்டு ஒலிக்கும்போது இடக்கையால் கட்டிலின் இரும்புக் கம்பியை அடிக்கிறார். அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே எதிர்ப்பு அது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க இயலவில்லை. விறகுக் கொட்டகைக்குச் சென்றுவிடுகிறேன். அடி அங்கேயும் கேட்கிறது. திரும்பி வரும்போது அவர் முகம் ஈரமாக இருக்கிறது.

மெட்டின் சரியான வடிவத்தை, என் இளமையிலிருந்து நான் அறிந்தபடி, இசைக் குறிப்பாக எழுதி இணைத்துள்ளேன். அதன்படி எங்கும் நிறுத்தாமல் நேராக வாசியுங்கள், இல்லையேல் வாசிக்காதீர்கள். மூன்றாவது வழி இல்லை.

இங்ஙனம்,
எமரி வாஸ்


ஹில்ட்ரெத்
மார்ச் 15

அன்புள்ள வாஸ் ஐயா,

உங்கள் கடிதத்தை வேனிலேயே வைத்துப் படித்தேன். அப்புறம் வண்டியை விட்டு இறங்கவே தோன்றவில்லை.

முதலில் மன்னிப்பு. 'மறைந்த' என்று நாடாவின் உறையில் யாரும் எழுதியிருக்கவில்லை. எங்களுக்கு மெட்டு தந்தவர்கள் எல்லாரும் கல்லறையில் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவும் அங்கேதான் இருப்பார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஒரு தொலைபேசி போட்டு விசாரித்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை.

அந்த நிறுத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாஞ்சோ வாசிக்கும் க்ரீட் முதல் நாளே சொன்னான்: "டெஸா, இது மெட்டு இல்ல. பெரியவருக்குக் கை தடுமாறியிருக்கு."

"போடா. உனக்கு எல்லாம் நேரா இருந்தாத்தான் புரியும். மலைக்காரங்க மெட்டுன்னா கோணலாத்தான் இருக்கும்" என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன்.

எங்கள் கூட்டத்தில் அப்படித்தான், ஐயா. ஒரு மெட்டு தாளக் கணக்கில் எவ்வளவு கோணலோ அவ்வளவு உசத்தி. நாடாவில் பெரியவர் இருமியிருந்தால் இருமலையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும் ஆட்கள் நாங்கள். க்ரீட்டின் மாமாவுடைய டயர் கடைக்குப் பின்னால் ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த ஒரு தட்டுக்காகவே உட்கார்ந்தோம். நாலு பேரும் ஒன்றாக மூச்சை நிறுத்தி ஒன்றாக விட வேண்டும். அது கூடி வந்த அன்றைக்குத்தான் நாங்கள் ஒரு குழு ஆனோம். அதை எப்படி உங்களிடம் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

இப்போது அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறோம். நிகழ்ச்சி தொடங்குவதும் முடிவதும் அந்த மெட்டில்தான்; இலையுதிர்காலம் வரை அப்படித்தான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வேறு எங்கே வாசிக்கப் போனாலும், சனங்கள் பெஞ்சில் உட்கார்ந்த உடனேயே "அந்தப் பள்ளம் இருக்கே, அதை வாசிங்க" என்கிறார்கள். மற்ற மெட்டுகளை யாரும் காதில் வாங்குவதில்லை.

கோபித்துக்கொள்ளாமல் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அவருக்கு இவ்வளவு வலிக்கிறது என்றால் அந்த நேரத்தில் ரேடியோவை ஏன் அணைக்கக் கூடாது? நான் அங்கே வந்து அவரைப் பார்க்கலாமா? பிடில் கொண்டு வரவில்லை. வெறும் கையோடு வருகிறேன்.

டெஸா மேப்


ரஷ் ஃபோர்க்
மார்ச் 24

செல்வி மேப் அவர்களுக்கு,

தங்கள் மன்னிப்பை ஏற்கிறேன். கேள்விகளுக்கு விடை தருகிறேன்.

வானொலியை ஒருமுறை அணைத்தேன். மறுநாள் முழுவதும் அப்பா வாயைத் திறக்கவில்லை. மோரும் சோள ரொட்டியும் குழைத்துக் கொடுத்த கரண்டியைப் பற்களால் தடுத்தார். சனிக்கிழமை மாலையானால் அவர் கண்கள் வானொலிப் பெட்டியின் மீது நின்றுவிடுகின்றன. அதைப் போடும்வரை நகர்வதில்லை. தம்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டை முழுமையாகக் கேட்டே தீர வேண்டும் என்று நிற்பவரைப் போன்றவர் என் தந்தை, என்றும் அப்படித்தான். ஆகவே அணைக்கும் உரிமை எனக்கில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு வெளியே செல்வது ஒன்றே என்னால் இயன்றது.

தாங்கள் வருவதற்கு அனுமதி இல்லை. அமைதி அவசியம் என்பது மருத்துவர் எழுதித் தந்த அறிவுரை. வியாழக்கிழமை பிற்பகல்களில் திருமதி ஆய்லர் என்பவர் வந்து அப்பாவைக் கவனித்துக்கொள்கிறார். அப்போது மருந்தும் மளிகையும் வாங்கிவரச் செல்கிறேன். மற்ற வேளைகளில் நான் இந்த வாயிலைத் தாண்டுவதில்லை. தங்கள் கடிதத்தைப் பற்றித் திருமதி ஆய்லரிடம் கூறினேன்.

"வரச் சொல்லேன் எமரி, அந்தப் புள்ளைங்கள. சின்னஞ்சிறுசுங்க சத்தம் கேட்டா வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருக்கும்" என்றார்.

"டாக்டர் சொல்லியிருக்காரு, மிஸ்ஸஸ் ஆய்லர்."

"ஆமாமா. டாக்டரு. ரெண்டு பேரும் ஊமையா ஒக்காந்திருக்கீங்க. அவருக்காவது அதுக்குக் காரணம் இருக்கு."

அந்த அம்மையார் வாய்த்துடுக்குள்ளவர். மருத்துவர் விதித்தது அதனால் மாறுவதில்லை.

மெட்டு இயல்பிலேயே கோணலானதாக இருக்கலாமே என்ற ஐயம் தங்கள் கடிதத்தின் அடியில் தொனிக்கிறது. அதற்கும் விடை கூறுகிறேன். என் பிள்ளைப் பருவத்தில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும் ஊர் நடனங்களுக்கு அப்பா வாசித்தார். பலகைமேல் கால் தட்டி ஆடுவோருக்கு ஒரு தட்டு கூடிப்போனால், அடுத்த வரியில் தவறான காலைத் தூக்குவார்கள். அவர் வாசிப்பில் ஒருவரும் தடுமாறியதில்லை. எல்லைக்கல் எங்கே நடப்பட்டது என்பதை, அவ்வழியே நடந்துபோகிறவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது.

வரும் சனிக்கிழமை முதல் அந்த அறையில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இயக்கிவிட்டுச் செல்வேன். அப்பாவின் துயரத்துக்குச் சான்று வேண்டும். தேவை ஏற்படின் வழக்கறிஞரிடம் ஒப்படைப்பேன். அதை நான் கேட்கப்போவதில்லை.

எமரி வாஸ்


ஹில்ட்ரெத்
ஏப்ரல் 12

வாஸ் ஐயா,

நேராக வாசித்துப் பார்த்துவிட்டோம். நீங்களும் கேட்டிருப்பீர்கள், கொட்டகையிலிருந்து.

உங்கள் குறிப்பைப் பார்த்து வாரம் முழுக்கப் பழகினோம். அழகான மெட்டுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை மேடை ஏறும்போது நான் சொன்னேன், "இன்னிக்கு ஹார்லெஸ் வாஸ் எப்படிப் போட்டாரோ அப்படியே வாசிக்கிறோம். அவரு உயிரோட இருக்காரு" என்று. கைதட்டினார்கள். முதல் பாகம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் பாகத்தில் அந்த இடம் வந்தது. நாங்கள் நிற்கவில்லை. ஆனால் சனங்கள் மிதித்துவிட்டார்கள். பழக்கம், ஐயா. முந்நூறு கால். எங்கள் மெட்டின் நடுமண்டையில் விழுந்தது. பலகையில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். எங்கள் குழுவில் பேஸ் வாத்தியம் வாசிப்பவன் ஒரு வரி பின்தங்கிவிட்டான். பின்வரிசையிலிருந்து ஒருத்தர் கத்தினார்: "ஏய் காக்கா! இறக்கை ஒடிஞ்சிருச்சா?"

அரங்கமே சிரித்தது. மூன்றாவது சுற்றில் நான் வில்லை இறக்கிவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் நிகழ்ச்சி மேலாளர் லாயல் ஜென்ட்ரி நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா கூத்து இது? அந்த ஒரு தட்டுக்காகத்தான் சனங்க மழையில வண்டி ஓட்டிக்கிட்டு வர்றாங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கவாதம், சமையலறை, கட்டில், கம்பி. அவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"அப்படியா. ரொம்பச் சங்கடமா இருக்கு. அப்ப ஒண்ணு செய். இதையே மேடையில சொல்லிட்டு வாசி. ஒரு கண்ணு காயாது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே நல்ல யோசனை என்றுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேனில் க்ரீட் ஆரம்பித்தான். "நான் மொத நாளே சொன்னேன்."

"சொன்னே. உனக்கு ஊர் நடுவுல சிலை வெக்கச் சொல்றேன்."

"சிலை வேணாம். இனிமே என்ன வாசிக்கிறதுன்னு சொல்லு."

கோணலாக வாசித்தால் உங்கள் அப்பாவின் விரல்கள் என் கண்ணில் வருகின்றன. அந்த இடத்தில் யாரோ என் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல் இருக்கிறது. நேராக வாசித்தால் விடமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் இரண்டு வழி சொன்னீர்கள். ஒன்று அடைபட்டுவிட்டது.

அவரைப் பார்க்க விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறு என்ன எழுத.

டெஸா


ரஷ் ஃபோர்க்
ஏப்ரல் 15

செல்வி மேப் அவர்களுக்கு,

தங்கள் முயற்சிக்கு மனமார்ந்த நன்றி. அதன் விளைவைத் தாங்கள் அறிய வேண்டும்.

தாங்கள் நேராக வாசித்த அந்த மாலையில் அப்பாவின் அறையிலிருந்து ஓர் ஓசையும் எழவில்லை. நான் கொட்டகையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கம்பியில் ஓர் அடிகூட விழவில்லை. உள்ளே சென்றபோது முகம் உலர்ந்திருந்தது. சுவரின் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரவு உணவுக்கும் எழுப்ப இயலாத அளவுக்கு ஆழ்ந்த உறக்கம். வானொலியில் அந்த நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை.

ஆகவே கேள்வி தீர்ந்தது. நான் கூறியது சரி என்பதை அவரே தம் மௌனத்தால் உறுதிப்படுத்திவிட்டார்.

நேராக வாசிப்பது தங்கள் அரங்கில் இயலாது என்பதையும் ஏற்கிறேன். எஞ்சியிருப்பது ஒரே வழி. அது தங்களுக்கு எத்தனை கடினம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

எமரி வாஸ்


ஹில்ட்ரெத்
மே 3

வாஸ் ஐயா,

நிறுத்திவிட்டோம்.

உங்கள் கடிதம் வந்த பிறகும் இரண்டு வாரம் இழுத்தேன். பழைய மாதிரியே, பள்ளத்தோடு வாசித்தோம். எனக்குத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான். போன சனிக்கிழமை மேடைக்கு முன்னால் ஜென்ட்ரியிடம் சொன்னேன், இனி அந்த மெட்டு இல்லை என்று.

"அது இல்லேன்னா நீங்க எனக்கு யாரு?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்றைக்கு வேறு மெட்டுகள் வாசித்தோம். சனங்கள் கடைசிவரை அதையே கேட்டார்கள். தரையை மிதித்து மிதித்துக் கேட்டார்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து கால்வெல் ஊர்க் குழு ஒன்று வருகிறது. வேகமாக வாசிப்பார்கள், பளபளவென்று சட்டை போடுவார்கள். இசைத்தட்டு போடுவதாக இருந்ததும் நின்றுபோயிற்று. அதில் முதல் மெட்டே இதுதான்.

க்ரீட்டுக்கும் எனக்கும் அரங்கத்து வாசலிலேயே சண்டை.

"யாரோ ஒருத்தரோட அப்பாவுக்காக நாம நாலு பேரும் வாயைக் கட்டிக்கணுமா?"

"ஆமா."

"அந்த ஆளை நீ பாத்திருக்கியா?"

"இல்ல. கையெழுத்துதான் தெரியும்."

"கையெழுத்து நல்லா இருக்குன்னு குடும்பத்தை வித்துட்டியேடி!"

அவன் டயர் கடைக்கே போய்விட்டான். பேஸ்காரன் தொலைபேசியை எடுப்பதில்லை. நான் கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். சரிவில் நாள் முழுக்கக் குனிந்து கன்று நடுகிறோம். எல்லாக் கன்றும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. உங்களுக்குப் பிடிக்கும். இந்தச் சரிவை விட்டு வெளியே போகத்தான் பிடில் எடுத்தேன். மறுபடியும் இங்கேயே நிற்கிறேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. உங்கள் அப்பாமேல் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமைகளில் அவர் இப்போது நிம்மதியாக இருக்கிறாரா? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அது போதும் எனக்கு.

டெஸா


ரஷ் ஃபோர்க்
மே 28, சனிக்கிழமை

அன்புள்ள டெஸா,

ஒரு வரி கேட்டீர்கள். இத்தனை நாள் தாமதித்ததற்குக் காரணம், அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாமல் போனதே. நடந்ததை நடந்த வரிசையில் கூறுவதைத் தவிர வேறு வகை எனக்குத் தெரியாது.

தாங்கள் நிறுத்திய முதல் சனிக்கிழமை, நிகழ்ச்சி தொடங்கும்போது நான் வழக்கம்போல் கொட்டகைக்குச் சென்றேன். பழக்கமான மெட்டு வரவில்லை என்று அறிந்ததும் உள்ளே திரும்பினேன். வெளியே நிற்க இனிக் காரணம் இல்லையல்லவா. அந்த நேரத்தில் நான் அந்த அறையில் தங்கி நின்றது அதுவே முதல் தடவை. அப்பாவின் இடக்கை கம்பிக்கு மேலே, காற்றில் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது. வேறொரு மெட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். அது முடிந்து இன்னொன்று தொடங்கியது. கை மெல்ல இறங்கிப் போர்வைமேல் படுத்தது. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் கூற என்னால் முடியவில்லை. சோர்வு என்று வகைப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரமும் கை எழுந்தது, பாதி உயரம். அதற்கடுத்த வாரம் எழவில்லை. உணவு குறைந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். உத்தேசமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேதியை உறுதிசெய்வதற்காக, சான்றென்று நான் சேர்த்துவைத்திருந்த ஒலிப்பதிவுகளை முதன்முறையாகக் கேட்டேன்.

பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, வரி வரியாக, அடிகள் விழும் இடங்களைக் குறித்தேன். நில வரைபடத்தில் எல்லை முளைகளைக் குறிப்பதுபோல். அடிகள் சிதறியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். சினம் கொண்ட ஒருவரின் கை அப்படித்தான் விழும். அவை சிதறியிருக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. இரண்டாம் பாகம், மூன்றாம் வரி, தாங்கள் நால்வரும் கையெடுக்கும் அந்த ஒரு தட்டில். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அரங்கத்தினரின் கால்களோடு சேர்ந்து, சில சுற்றுகளில் அவர்களைவிடத் துல்லியமாக.

மெட்டு முடிந்தபின் பதிவில் இன்னொரு சிற்றோசை இருக்கிறது. அதைப் பலமுறை கேட்டேன். மூக்கு வழியே விடும் குறுகிய மூச்சு. இளமையில், சீட்டாட்டத்தில் யாரையாவது மடக்கிவிட்டால் அப்பா அப்படித்தான் சிரிப்பார்.

தாங்கள் நேராக வாசித்த மாலையின் பதிவையும் கேட்டேன். கட்டிலின் கம்பிகள் கிறீச்சிடும் ஓசை. அவர் சுவரின் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவ்வளவே. அதைத்தான் அமைதி என்று தங்களுக்கு எழுதினேன்.

அன்று சமையலறையில் நழுவியது இடக்கை. இன்று அவருக்கு எஞ்சியிருப்பதும் அதே கைதான். அந்தக் கையால், அதே வெற்றிடத்தில், தாம் அன்று விட்டதை வாரந்தோறும் நிரப்பிக்கொண்டிருந்தாரா, அல்லது ஊரோடு சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தாரா, அல்லது தம் விழுகையைத் தாமே கேலி செய்துகொண்டிருந்தாரா என்று தீர்மானிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. முகத்தில் இருந்த ஈரம் எதனால் என்பதும் தெரியாது. தெரிந்தது ஒன்றே. வாரத்தில் ஒருமுறை, ஒரு தட்டு நேரம், அவர் அந்தக் கட்டிலில் இல்லை. ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வாயிலை, நல்ல மகனாக நடந்துகொள்வதாக எண்ணி, நானே அடைத்துவிட்டேன்.

திரு. ஜென்ட்ரிக்கு எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது, குழுவை மீண்டும் அழைக்க வேண்டும் என்று. மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறார். இலையுதிர்காலம் வரை இடம் வேறு குழுவுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, மாற்ற இயலாது. அவர் இணைத்திருந்த ஒப்பந்த நகலைப் படித்துப் பார்த்தேன். அவர் கூறுவது சரி.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, அந்தப் பிள்ளைங்க வாசிக்கிறத நான்தான் நிறுத்தச் சொன்னேன். உங்களுக்கு வலிக்குதுன்னு நெனச்சேன்." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "தப்பா நெனச்சுட்டேன்பா" என்றும் சொன்னேன். அவர் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. கேட்டிருப்பார்.

தாங்கள் இழந்ததை என்னால் மீட்டுத் தர இயலாது. க்ரீட் அவர்களின் கோபம் நியாயமானது என்று அவரிடம் கூறுங்கள். தங்கள் கோபமும் நியாயமானதே. அதைத் தணிக்குமாறு நான் கேட்கவில்லை. என் கோரிக்கைகள் அனைத்தையும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். அந்த மெட்டை அந்த மௌனத்தோடு, எங்கும், எவர் முன்னும் வாசிக்கலாம். மெட்டின் உரிமையாளருடைய மகன் என்ற முறையில் கையொப்பமிட்டு இதைக் கூறுகிறேன். உரிமையாளரின் இசைவை அவருடைய கையே முன்னரே அளித்துவிட்டது.

இங்கே வருவதற்கும் இனி அனுமதி தேவையில்லை. ஒருவராக வந்தாலும் சரி, நால்வராக வந்தாலும் சரி. எந்தக் கிழமையானாலும் சரி. பிடிலைக் கொண்டு வாருங்கள். பாலத்தைத் தாண்டியதும் இடப்புறம் திரும்ப வேண்டும். பாதை மோசமானது, மெதுவாக ஓட்டவும்.

தாங்கள் வருவீர்களா என்பது எனக்குத் தெரியாது. இக்கடிதம் தங்களை அடையவும் நாளாகும். இன்று சனிக்கிழமை. எனக்கு எந்த வாத்தியமும் தெரியாது. தேவாலயத்தில்கூட நான் உதட்டை மட்டுமே அசைப்பவன். ஆயினும் அந்த மெட்டு எனக்கு முழுவதும் தெரியும். மாலை ஏழு மணிக்கு வானொலியைப் போடமாட்டேன். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயாலேயே முதல் பாகத்தைப் பாடுவேன். இரண்டாம் பாகத்தின் மூன்றாம் வரி மேலேறும் இடத்தில் நிறுத்துவேன். அந்த ஒரு தட்டை நான் நிரப்பமாட்டேன். அது அவருடையது. அவர் கை எழுந்தாலும் எழாவிட்டாலும் அதற்குரிய நேரத்தை விட்டுவிட்டு, அடுத்த வரியைத் தொடங்குவேன். பிறகு திரும்பவும் முதலிலிருந்து. மெட்டு முடியும்வரை அந்த அறையை விட்டு வெளியே போகமாட்டேன்.

எமரி வாஸ்